பையாக்கள் எத்தனை பேர்?

வண்டலூர் மேம்பாலத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நின்று பார்த்தால் ஒரு சின்ன திருவிழா மாதிரி இருக்கும். தள்ளுவண்டியில் ஜீன்ஸ், செல்போன் கவர், பானிபூரி. போஜ்பூரிப் பாட்டு ஓடும் ஒரு ரீசார்ஜ் கடை. வாரம் ஆறு நாள் ஒரகடம், படப்பை, மண்ணிவாக்கம் பக்கம் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் கிடந்தவர்கள் அன்றைக்குத்தான் குளித்து, தலைசீவி, கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். காய்கறி விற்கிற அம்மா பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். "பீஸ் ருப்பியா, பச்சீஸ் ருப்பியா" என்று சரளமாக வெளுத்து வாங்குகிறார். தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா நூறு வருஷமாக முயன்றும் முடியாத காரியத்தை ஒரு கிலோ வெங்காயம் சாதித்துவிட்டது!

டீக்கடைக்காரர் அவர்களை "பையா" என்று கூப்பிடுகிறார். இதில் ஒரு வேடிக்கை. இந்தியில் பையா என்றால் அண்ணன். தமிழில் பையா என்றால் 'டேய் தம்பி'. கூப்பிடுகிறவர் ஒன்றை நினைத்துக் கூப்பிட, கேட்கிறவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டு சிரித்தபடி வருகிறார். இரண்டு பேருக்கும் சந்தோஷம். இப்படி ஒரு சமரசம் வேறு எந்த வார்த்தையிலும் நடந்திருக்காது.

ஆனால் அந்த பையா டீ வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் கடையில் ஆரம்பிக்கிற பேச்சு வேறு. "எவ்ளோ பேர் வந்துட்டானுங்க பாத்தீங்களா? அம்பது லட்சம் இருக்குமாம்." பக்கத்தில் இருப்பவர் விடுவாரா, "அம்பதா? ஒரு கோடி தாண்டிடுச்சுண்ணே" என்பார். ஏலம் மாதிரிதான். யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினால் ஒன்றரைக் கோடியில் போய் முடியும்.

சரி, உண்மையில் எத்தனை பேர்?

கணக்கு இருக்கிறதா என்று தேடினால் முதலில் கிடைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் இந்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001ல் சுமார் 1.9 லட்சம், 2011ல் சுமார் 3.9 லட்சம். பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு! உடனே யாரும் பதறவேண்டாம். அப்போது மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 7.21 கோடி. நூற்றில் ஒருத்தர் கூட இல்லை, இருநூறு பேரில் ஒருத்தர். இன்னொரு விஷயம், அந்த இந்திக் கணக்குக்குள் ராஜஸ்தானி, மார்வாடி, போஜ்பூரி எல்லாமே அடக்கம். அதாவது நான்கைந்து தலைமுறையாக சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கும் சேட்டும், போன மாதம் தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்கிய சப்ரா பக்கத்துப் பையனும் ஒரே கட்டத்தில். அதே சமயம் வங்காளி பேசுகிறவர், ஒடியா பேசுகிறவர், அசாமியா பேசுகிறவர் யாரும் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். டீக்கடையில் "இந்திக்காரன்" என்று சுட்டப்படுபவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். ஆக அந்த எண் சேட்டை எண்ணுகிறது, கொத்து வேலைக்கு வந்த வங்காளியை விட்டுவிடுகிறது. நல்ல கணக்கு.

அடுத்து, தமிழக அரசின் தொழிலாளர் துறைக்காக 2015ல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு. அதில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 10.67 லட்சம் என்று வந்தது. மாவட்டங்களில் முதலிடம் யாருக்கு? காஞ்சிபுரத்துக்கு. ஐந்தில் ஒருத்தர் அங்கே இருந்தார். (2019ல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2015ல் வண்டலூரும் கூடுவாஞ்சேரியும் காஞ்சிபுரம் கணக்குதான்.) அடுத்த இடங்களில் சென்னையும் திருவள்ளூரும். சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சென்னையையும் அதைச் சுற்றியுமே. இதுவும் பத்து வருஷத்துக்கு முந்தைய எண். 2021ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், தள்ளிப்போய், 2027 என்று ஆகிவிட்டது. ஆக, டீக்கடையில் ஒரு கோடி என்று சொல்பவரை மறுக்க யாரிடமும் புதிய சீட்டு இல்லை. அவர் தைரியமாகச் சொல்லலாம்.

எண் கிடக்கட்டும், பெயராவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 'ஹிஸ்பானிக்' என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். மெக்சிகோக்காரர், கியூபாக்காரர், புவேர்ட்டோ ரிக்கோக்காரர், குவாத்தமாலாவின் மலைக்கிராமத்திலிருந்து வந்த மாயா இனத்தவர் எல்லோரும் அந்த ஒரே டப்பாவுக்குள். 1980 கணக்கெடுப்பில்தான் நாடு முழுக்க எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2000ல் 3.53 கோடி, 2010ல் 5.05 கோடி, 2020ல் 6.21 கோடி என்று வளர்ந்தது அந்த எண்ணிக்கை. அங்கேயும் "பார்த்தீங்களா எவ்ளோ பேர்" பேச்சு உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பேச்சு எப்படிப் போனாலும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண் வந்துவிடுகிறது. ஊர் வாரியாக, வயது வாரியாக. ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஸ்பானிஷ் தெரிந்த டீச்சர் வேண்டும் என்று அதை வைத்துத் திட்டம் போட முடியும்.

நம்ம ஊரில் டப்பாவின் பெயர் 'வடக்கன்'. அதற்குள் பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, போதாக்குறைக்கு நேபாளம். அசாம் எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தாலே போதும், ஆனால் யார் பார்க்கிறார்கள்? தாம்பரத்திலிருந்து அசாமின் சில்காட் டவுனுக்கும், ஜார்க்கண்டின் ஜசிடிக்கும் நேரடி ரயில் ஓடுகிறது. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்குக்கூட ரயிலில் ஏறுபவர்கள் எல்லோரும் பீகாரிகள்தான்.

இதே டப்பாவுக்குள் தமிழர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பம்பாயில் தமிழன், மலையாளி, கன்னடத்தார் எல்லோரும் ஒரே 'மதராசி'. 1966ல் சிவசேனை ஆரம்பித்தபோது முதல் குறி இவர்கள்மேல்தான். ஆபீஸ் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஓட்டல் வைத்துவிட்டார்கள், லுங்கியோடு கிளம்பு என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டுகளை எழுதி 'மதராசி' என்ற இடத்தில் 'வடக்கன்' என்று மாற்றினால் இன்றைய டீக்கடைப் பேச்சு அப்படியே வந்து நிற்கும். ஒரு கமா மாற்ற வேண்டாம்.

ஏன் வந்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஊரப்பாக்கத்தில் அல்லது நந்திவரத்தில் வீடு கட்டுகிற யாரையாவது கேட்டால் போதும். மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். செண்ட்ரிங், கம்பி கட்டுகிற ஆட்கள் வங்காளம். மார்பிள் போடுகிறவர் ராஜஸ்தான். மேஸ்திரியின் மகன்? பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடத்தில் அப்ரண்டிஸ், மகள் நர்சிங் படிக்கிறாள். "என்னோட போகட்டும் சார் இந்த கலவை சட்டி" என்று மேஸ்திரியே சொல்வார். அது தோல்வி இல்லை, ஒரு குடும்பம் மேலே ஏறிய கதை. 2021-22 உயர்கல்வி ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 47 பேர் கல்லூரியில். பீகாரில் 17. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. இங்கே பிள்ளைகள் குறைவு, இருக்கிற பிள்ளைகளும் சட்டி தூக்குவதில்லை. அங்கே பிள்ளைகள் அதிகம், வேலை இல்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவது மாதிரி. காமர்ஸ் பாடத்தில் டிமாண்டு, சப்ளை என்று இரண்டு கோடு போட்டு வெட்டிக்கொள்ளும் இடத்தில் புள்ளி வைப்பார்களே, அந்தப் புள்ளியில்தான் அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை பானிபூரி தின்றுகொண்டிருக்கிறான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. கம்பெனிக்காரர்கள் வெளிமாநில ஆட்களை விரும்புவது சுறுசுறுப்பு என்ற ஒரே காரணத்துக்காக அல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லமாட்டார். சங்கத்தில் சேரமாட்டார். உள்ளூர் வார்டு கவுன்சிலரைத் தெரியாது. சம்பளத்தில் பிடித்தால் கேட்க பாஷை தெரியாது. 1979லேயே வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆள் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர் பதிவு செய்ய வேண்டும், போக்குவரத்துப் படி தரவேண்டும், தங்க இடம் தரவேண்டும் என்று எல்லாம் அழகாக எழுதியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய். பதிவு செய்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும், எண்ணிக்கை தெரிந்தால் பி.எஃப், இ.எஸ்.ஐ கட்டவேண்டும். எண்ணாமல் இருப்பதில் ஒருத்தருக்கு லாபம் இருக்கிறது என்றால் எண்ணிக்கை எப்படி வரும்?

அதன் விலை எப்போது தெரிகிறது? 2014 ஜூன் 28ம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தபோது தெரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர், ஒடிசாக்காரர்களும் தமிழர்களும் கூட. இடிபாட்டுக்குள் மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்விக்கே உடனடியாகத் தெளிவான பதில் இல்லை. கணக்கு வாயால் சொல்வதாக இருக்கும்வரை அது இப்படித்தான்.

இதெல்லாம் சென்னையைச் சுற்றி. கிராமத்துக்குப் போனால் கதை கொஞ்சம் மாறுகிறது, அங்கேதான் மனசுக்குள் குத்துகிறது.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நடவு என்பது காலங்காலமாகப் பெண்கள் வேலை. நாற்றுப் பறிப்பது, முடி கட்டுவது, குனிந்தபடியே வரிசையாகப் பின்னால் நகர்ந்து நடுவது. கொரோனாவுக்குப் பிறகு அந்த வயல்களில் ஆண்கள் நடுகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வருகிறார்கள். வங்காளத்தில் நடவு ஆண்களும் செய்கிற வேலை, அவர்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாள் கூலி கிடையாது, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு விடிவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். கயிறு பிடித்த மாதிரி வரிசை. விவசாயிக்குச் செலவும் குறைகிறது, ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலும் போச்சு.

ஆனால் வரப்பில் நின்று பார்க்கிற அந்த அம்மாவுக்கு? அவர் பாலிடெக்னிக் போகவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு வேறு வேலை யாரும் தரப்போவதில்லை. சென்னைப் புறநகரில் "நம்ம ஆட்கள் விட்ட வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள்" என்று சொல்வது பெரும்பாலும் உண்மை. டெல்டாவில் அதே வாக்கியம் பாதி உண்மைதான். ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், சரி. பெண்கள் போகவில்லை. அவர்களுக்கு வருஷத்தில் கிடைத்த சில வார நடவுக் கூலியும் இப்போது ஏக்கர் கணக்கில் வேறு கைக்குப் போகிறது. வந்தவர்களை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த அம்மாவைப் பற்றிப் பேசமாட்டார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் பேசமாட்டார்கள், அவர்களுக்கு டீக்கடை எண் போதும்.

வால்பாறையில் இன்னொரு விதம். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று கீழே இறங்கிவிட்டார்கள். அந்த லயன்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள். ஆண் மட்டும் இல்லை, மனைவி, குழந்தையோடு. 2025 ஜூனில் அங்கே சிறுத்தை தூக்கிச் சென்ற நான்கு வயதுக் குழந்தை ஜார்க்கண்ட் குடும்பத்துப் பெண். இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு நம்மவர்களைக் கூட்டிப்போன கதையும் இப்படி லயன் வீட்டில்தான் ஆரம்பித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடந்தவர்களை 1948ல் குடியுரிமைச் சட்டம் வெளியே நிறுத்தியது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். மனிதர்களை எண்ணாமல் விடுவது ஒரு கஷ்டம், இப்படி எண்ணுவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

2020 ஊரடங்கில் வண்டலூர் பக்கத்து அறைகளில் அரிசி தீர்ந்தபோது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குப் பட்டியல் இல்லை. மே மாதம் சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதே கண்ணுக்குத் தெரிந்தது, அதுவும் முதுகுப்பக்கமாக. ரயிலுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ஆந்திர எல்லை நோக்கி நடந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கட்டட வேலை நின்றுபோய், சில நிறுவனங்கள் விமான டிக்கெட் போட்டுக் கூட்டிவந்தன. போகும்போது நடை, வரும்போது விமானம்! அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் 2008 மே மாதம் இறைச்சித் தொழிற்சாலையில் ரெய்டு நடத்தி 389 தொழிலாளர்களைப் பிடித்தார்கள். பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். ஊரே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். பிடித்தது அவர்களை, படுத்தது ஊர். தொழிற்சாலை திவால், வாடகை வீடுகள் காலி. இருந்தபோது தெரியாத கணக்கு, போனபிறகு தெரிகிற கணக்கு.

2023 மார்ச்சில் அதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. வேறு எங்கேயோ நடந்த சண்டைகளை எடுத்துத் தமிழ்நாடு என்று ஒட்டியிருந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் திருப்பூரில் பலர் ஹோலிக்கு என்று மூட்டை கட்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் 6.5 லட்சம் வெளிமாநிலத்தவரைச் சேர்க்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு, தேர்தல் ஆணையம் அதை மறுத்தது. எண் இல்லாத இடத்தில் வதந்திதான் எண்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. முன்பெல்லாம் வந்தவர்கள் தனி ஆட்கள். எட்டு பேர் ஓர் அறை, தலைக்கு இவ்வளவு என்று வாடகை. இப்போது குடும்பமாக வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கயிற்றில் பேண்ட்டுக்குப் பக்கத்தில் புடவை காய்கிறது, அதற்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை. அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கிற பிள்ளைகள் டீச்சரிடம் சுத்தமான செங்கல்பட்டுத் தமிழில் பேசிவிட்டு, திரும்பி அம்மாவிடம் மைதிலியில் சொல்கின்றன. மருந்துக்கடையில், கேஸ் ஏஜென்சியில், ஹவுஸ் ஓனரிடம் பேசுவதெல்லாம் அந்த ஒன்பது வயசுதான். ஓனர் அம்மாவும் "உங்கம்மாகிட்ட சொல்லுடி, மோட்டாரை அணைக்கச் சொல்லு" என்று அவளிடம்தான் சொல்கிறார். தனி ஆளாக வந்தவன் பத்து வருஷம் இருந்துவிட்டுப் போய்விடலாம். மகள் ஆத்திச்சூடி படிக்க ஆரம்பித்துவிட்டால் குடும்பம் அவ்வளவு சீக்கிரம் நகராது.

இனி 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும். காலையில் பத்து, பதினொரு மணிக்கு ஒரு டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நுழைவார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், டே ஷிப்ட் போனவர்களின் அறை பூட்டியிருக்கும். ஓனர் மாடியிலிருந்து எட்டிப்பார்ப்பார். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் எண்ணி வாடகை வாங்குகிறவர், ஒரு தலை கூடினாலும் கண்டுபிடித்துவிடுகிறவர், குடிதண்ணீர்க் கட்டணமும் வீட்டு வரியும் மனசில் வைத்துக்கொண்டு சொல்வார்:

"கீழ் போர்ஷன்ல மூணு பேர்தான் மேடம் இருக்காங்க. எழுதிக்கங்க."